லூக் எஸ்பென் ஏன் கையெழுத்துப் போடவில்லை?

2018 ஜனவரி 12ஆம் திகதி, லூக் எஸ்பென் என்பவர் அனுப்பிய ஒரு சின்னத் திருத்தம் ஒரு திறந்த மூல ஜாவா மென்பொருளுக்குள் சேர்க்கப்பட்டது. பெரிய விடயம் ஒன்றுமில்லை. ஒரு பிழை இருந்தது, லூக் திருத்தி அனுப்பினார், அந்த மென்பொருளுக்குப் பொறுப்பானவர்கள் பார்த்தார்கள், ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதங்களில் அவருடைய இன்னும் நான்கு திருத்தங்கள் வேறு வேறு மென்பொருள்களில் ஏற்கப்பட்டன.

அந்த வருடம் ஒக்டோபரில்தான் கதை வெளியே வந்தது. லூக் எஸ்பென் என்று ஒரு ஆளே இல்லை. அது ரிப்பெயர்நேட்டர் என்ற ஒரு பொட். சுவீடனின் கேடிஎச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் மொன்பெருவும் அவரோடு வேலை செய்த ஆய்வாளர்களும் உருவாக்கியது. உலகெங்கும் சோதனையில் தோற்ற ஜாவா நிரல்களை அது நாள் முழுக்கத் தேடும். தோல்வியைத் தன் கணினியில் மறுபடி வரவைத்துப் பார்க்கும். பிறகு திருத்தம் ஒன்றைத் தானே எழுத முயலும். மெஷின் எழுதியது என்று தெரிந்தால் மனிதர்கள் நியாயமாகப் பார்க்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் ஆய்வாளர்கள் அதற்கு ஒரு மனிதப் பெயரைக் கொடுத்திருந்தார்கள். அனுப்புவதற்கு முன்னர் ஆய்வுக்குழுவில் ஒருவர் மேலோட்டமாக ஒரு தடவை பார்ப்பார்.

இதற்குள் எங்களைப் பிடித்துக்கொண்டது ஒரு சின்னச் சம்பவம். ஒரு திட்டத்தில் லூக்கிடம் இப்படிக் கேட்டார்கள்: உங்கள் திருத்தத்தைச் சேர்ப்பதென்றால், பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்து வைத்திருக்க வேண்டும். வழக்கமான கேள்விதான். ஆனால் பொட் எப்படிக் கையெழுத்து வைக்கும்? அது எழுதிய நிரல் யாருடைய சொத்து? நாளைக்கு அதனால் ஒரு பிரச்சினை வந்தால் யாரைக் கேட்பது? ஆய்வாளர்களே இந்தக் கேள்விகளைப் பகிரங்கமாக எழுப்பிவிட்டு, பதில் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

இப்போது லூக்கைவிட எத்தனையோ மடங்கு கெட்டிக்கார ஏஜென்டுகள் வந்துவிட்டன. “அலுப்படிக்கிற வேலை எல்லாத்தையும் அதுகளிட்ட விடுங்கோ, நீங்கள் பெரிய விடயங்களை யோசியுங்கோ” என்று எல்லாப் பக்கமும் சொல்கிறார்கள். அந்த அலுப்படிக்கிற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு இந்தப் பேச்சைக் கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி விளங்கும்.

துருப்பிடிக்காத பொருளுக்கு ஏன் பராமரிப்பு?

சைக்கிள் துருப்பிடிக்கும், செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். கூரை ஒழுகும், ஓடு மாற்ற வேண்டும். மென்பொருளுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இருபது வருடத்துக்கு முன் எழுதிய நிரலில் ஒரு எழுத்துக்கூடத் தேய்ந்திருக்காது. அப்படியென்றால் எதைப் பராமரிப்பது?

இதற்கு எங்களுடைய நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்வதற்கு இலங்கைத் தொண்டர்கள் அவசர அவசரமாக ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சஹானா. பிறகு அது திறந்த மூலமாக வளர்ந்து, 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெயிட்டி நிலநடுக்கத்திலும் பயன்பட்டது. யோசித்துப் பாருங்கள்: ஒவ்வொரு இடத்திலும் மொழி வேறு, படிவம் வேறு, நிர்வாகப் பிரிவுகளின் பெயர்கள் வேறு. நிரல் அப்படியே இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள உலகம் அப்படியே இருக்காது. கொழும்பில் வேலை செய்த நிரல் இன்னொரு நாட்டில் வேலை செய்வதற்கு யாரோ உட்கார்ந்து திருத்த வேண்டும்.

இதையே 1974இல் மெயர் லேமன் என்ற ஆய்வாளர் ஒரு விதியாகச் சொன்னார். நிஜ உலகத்தில் பயன்படுகிற மென்பொருள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மாறாவிட்டால் அதன் பயன் குறைந்துகொண்டு போகும். மாற்ற மாற்ற அதன் சிக்கலும் கூடும். அதைக் குறைப்பதற்கென்று தனியாக வேலை செய்யாவிட்டால் கூடிக்கொண்டே போகும். ஐபிஎம் நிறுவனத்தின் பெரிய இயங்குதளம் ஒன்று வருடாவருடம் எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்ந்துதான் அவரும் லாஸ்லோ பெலாடியும் இந்த முடிவுகளுக்கு வந்தார்கள். 1980இல் லியென்ட்ஸ், சுவான்சன் என்ற இருவர் 487 நிறுவனங்களைக் கேட்டு ஒரு புத்தகம் போட்டார்கள். நிரலாளர்களின் நேரத்தில் ஏறத்தாழப் பாதி, ஏற்கெனவே இருக்கிற நிரலைப் பார்த்துக்கொள்வதில்தான் போகிறது என்று அது காட்டியது. அந்தப் பாதியிலும் பெரும்பகுதி பிழை திருத்துவது அல்ல. பயன்படுத்துகிறவர்கள் கேட்கிற மாற்றங்களைச் செய்வது.

இந்த வேலையின் தினசரி முகம் எப்படியிருக்கும்? நீங்கள் பயன்படுத்துகிற லைப்ரரி ஒன்று புதிய பதிப்புக்குப் போகிறது. ஒரு செயற்கூறின் பெயர் மாறுகிறது. உங்கள் நிரலில் அது முந்நூறு இடத்தில் இருக்கிறது. முந்நூறையும் மாற்ற வேண்டும். மாற்றினால் நாற்பது சோதனைகள் தோற்கும். அவற்றில் முப்பத்தெட்டு வெறும் பெயர்ப் பிரச்சினை, இரண்டு உண்மையான பிழை. எந்த இரண்டு என்று கண்டுபிடிக்க ஒரு கிழமை போகும். முடிந்த பிறகு பயனாளருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒரு வித்தியாசமும் தெரியாமல் இருப்பதுதான் வெற்றி! அதனால்தான் இந்த வேலைக்குப் பாராட்டும் இல்லை, பதவி உயர்வும் இல்லை.

எழுபது வருடக் கனவு

அலுப்பு வேலையை மெஷினிடம் தள்ளிவிட வேண்டும் என்ற ஆசை கணினியின் வயதையே உடையது.

1940களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் எனியாக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட இராட்சதப் பெட்டி. அதற்கு நிரல் எழுதியவர்கள் ஆறு பெண்கள்: கே மக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி சினைடர், மார்லின் வெஸ்கொஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். நிரல் எழுதுவது என்றால் கேபிள்களைப் பிடுங்கி மாற்றிச் செருகுவது, சுவிட்ச்களைத் திருப்புவது, எங்கே பிழைத்தது என்று தேடுவது. பெட்டியைக் கட்டுவது பெரிய வேலை, அதை ஓட்டுவது எழுத்தர் வேலை என்றுதான் அப்போது நினைத்தார்கள். 1946 பெப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டினபோது நடந்த விருந்துக்கு இந்த ஆறு பேருக்கும் அழைப்பு இல்லை. கண்ணுக்குத் தெரியாத வேலை என்கிற கதை அன்றைக்கே தொடங்கிவிட்டது.

1949இல் கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. அதைக் கட்டிய மோரிஸ் வில்க்ஸ் பின்னாளில் ஒரு நினைவைப் பதிவு செய்தார். ஒருநாள் கணினி அறைக்கும் நாடாவில் துளையிடும் இடத்துக்கும் இடையே படிகளில் போய்வரும்போது அவருக்குச் சட்டென்று உறைத்ததாம்: மீதி வாழ்க்கையில் பெரும்பகுதியைத் தன்னுடைய பிழைகளைத் தானே தேடுவதில்தான் கழிக்கப்போகிறோம் என்று.

1952இல் கிரேஸ் ஹொப்பர் ஏ-0 என்ற முதல் தொகுப்பியை எழுதினார். மனிதர் சுருக்கமாகச் சொன்னால், மெஷினுக்கு விளங்குகிற நீண்ட கட்டளைகளைத் தொகுப்பி உருவாக்கும். அந்தக் காலத்தில் இந்த மாதிரி முயற்சிகளை என்ன பெயரில் அழைத்தார்கள் தெரியுமா? தானியங்கி நிரலாக்கம்! 1954இல் ஐபிஎம்மில் ஜோன் பாக்கஸின் குழு ஃபோட்ரான் மொழிக்கு முன்மொழிவு எழுதியபோது, இது வந்தால் நிரல் எழுதுவதும் பிழை தேடுவதும் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள். 1957இல் ஃபோட்ரான் வந்தது. பெரிய வெற்றி. கையால் எழுதிய கட்டளைகள் உண்மையிலேயே பல மடங்கு குறைந்தன. ஆனால் பிழை தேடுவது இல்லாமல் போகவில்லை. எழுதுவது மலிவானபடியால் ஆட்கள் இன்னும் கனக்க எழுதினார்கள். பார்த்துக்கொள்ள வேண்டிய நிரலின் குவியல் இன்னும் பெரிதானது. 1968இல் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மாநாட்டில், மென்பொருள் நெருக்கடி என்று பேசுகிற அளவுக்கு நிலைமை வந்திருந்தது.

எழுதுவது மலிவானால் பராமரிப்பு கூடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

எல்லாம் சரியாக நடந்தால் யாரும் நம்பமாட்டார்கள்

பராமரிப்பு வரலாற்றின் மிகப் பெரிய கூட்டு உழைப்பு 2000ஆம் ஆண்டுப் பிரச்சினை. 1960களிலும் 70களிலும் நினைவகம் விலை கூடியது என்பதால் வருடத்துக்கு இரண்டே இரண்டு இலக்கம்தான் ஒதுக்கினார்கள். 1965 என்றால் 65. அந்த நிரல்கள் நூற்றாண்டு முடியும்வரை உயிரோடு இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் இருந்தன. 00 என்றால் 1900ஆ 2000ஆ என்று அவற்றுக்குத் தெரியாது.

இதைத் திருத்த மந்திரம் எதுவும் கிடையாது. வங்கி, காப்புறுதி, மின்சாரம் என்று எல்லா இடத்திலும் மில்லியன் கணக்கான கோபோல் வரிகளை ஆட்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். உலகளாவிய செலவு 300 முதல் 600 பில்லியன் டொலர் வரை வரும் என்று கார்ட்னர் நிறுவனம் மதிப்பிட்டது. மேற்குலக நிறுவனங்களுக்கு ஆள் போதாதபடியால் பெரும் பங்கு இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரிலும் சென்னையிலும் இளம் பட்டதாரிகள் யாரோ எப்போதோ எழுதின நிரலை வரி வரியாகப் பார்த்தார்கள். இந்திய மென்பொருள் துறை மேலே வந்த ஏணியின் முக்கியமான படி இந்த அலுப்பு வேலைதான்.

2000 ஜனவரி 1 வந்தது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உடனே ஆட்கள் என்ன சொன்னார்கள்? “பார்த்தியா, சும்மா பயங்காட்டினவங்கள்.”

செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளியே வந்தது. இணையத்தில் கடவுச்சொற்களையும் வங்கித் தகவல்களையும் பாதுகாக்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற லைப்ரரியில் அது இரண்டு வருடமாக இருந்திருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய கம்பனிகள் எல்லாம் பயன்படுத்திய அந்த லைப்ரரிக்கு வருடத்துக்கு வந்த நன்கொடை கிட்டத்தட்ட 2,000 டொலர். முழுநேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர்.

2017இல் அமெரிக்காவின் எக்விஃபாக்ஸ் கடன் தகவல் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 147 மில்லியன் பேரின் தகவல் திருடப்பட்டது. ஓட்டைக்கான திருத்தம் அந்த மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. 48 மணித்தியாலத்துக்குள் போடச் சொல்லி உள்ளே மின்னஞ்சலும் போனது. ஆனால் குறிப்பிட்ட ஒரு கணினியில் அந்த மென்பொருள் இருப்பது சரியானவர்களுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்த கருவியும் அதைக் காணவில்லை. மே மாதம் திருடர்கள் உள்ளே வந்தார்கள். போக்குவரத்தைக் கண்காணிக்க வேண்டிய கருவியோ, சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்காகக் குருடாகக் கிடந்தது. யூலை கடைசியில் அந்தச் சான்றிதழைப் புதுப்பித்த பிறகுதான் திருட்டே கண்ணில் பட்டது. ஒரு சான்றிதழைப் புதுப்பிக்கிறது எவ்வளவு சலிப்பான அலுவல்!

எனவே, இந்த வேலையை மெஷின் செய்யட்டும் என்று சொல்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று நாங்கள் நினைக்கவில்லை. மனிதர்கள் இதைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்கு ஆதாரம் ஏராளம்.

பொட்டிலிருந்து ஏஜென்டுக்கு

தானாகத் திருத்தும் நிரல் பற்றிய ஆய்வுகளில் ஒரு முக்கியமான படி 2009இல் வந்தது. ஜென்புரோக் என்ற முறை நிரலில் சின்னச் சின்ன மாற்றங்களைச் செய்து, எது சோதனையில் தேறுகிறது என்று பரிணாம வளர்ச்சி மாதிரித் தேடியது. லூக் எஸ்பெனும் இந்த மரபில் வந்தவர்தான். 2017இல் அவர் பெயர் எடுப்பதற்கு முந்தைய சோதனை ஓட்டத்தில் 11,000க்கு மேற்பட்ட தோல்விகளைப் பார்த்து 15 திருத்தம்தான் அவரால் உருவாக்க முடிந்தது.

இன்னொரு பக்கம் டிபெண்டபொட் போன்ற எளிமையான பொட்கள் வந்தன. 2019இல் அதை கிட்ஹப் வாங்கியது. ஒரு லைப்ரரிக்குப் புதிய பதிப்பு வந்தால் அது தானே ஒரு வேண்டுகோளைத் திறந்து வைக்கும். நல்ல யோசனைதான், ஆனால் பல இடங்களில் வாசிக்காத மின்னஞ்சல் போல இந்த வேண்டுகோள்கள் குவிந்து கிடந்தன. பதிப்பெண்ணை மாற்ற பொட்டுக்குத் தெரியும். மாற்றியதால் உடைந்ததைத் திருத்தத் தெரியாது.

அந்த இடைவெளிக்குள்தான் மொழி மாதிரிகள் வந்தன. 2023 ஒக்டோபரில் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் என்ற பரீட்சை வெளியானது. 12 பைதன் திட்டங்களில் உண்மையில் நடந்த 2,294 பிரச்சினைகளை எடுத்து, இதைத் திருத்து பார்ப்போம் என்று மாதிரிகளிடம் கொடுத்தார்கள். அன்றைக்கு முதலிடம் பெற்ற மாதிரி திருத்தியது 1.96 வீதம். 2024 வசந்த காலத்தில் 12, 13 வீதம் ஆனது. 2025இல், அந்தப் பரீட்சையிலிருந்து மனிதர்கள் சரிபார்த்து எடுத்த 500 கேள்விகளில் 70 வீதத்தைத் தாண்டியது. கேள்விகள் இணையத்தில் இருப்பதால் மாதிரிகள் விடையை முன்பே பார்த்திருக்கலாம் என்ற விமர்சனம் உண்டு. அதைக் கழித்தாலும் மாற்றம் பெரியது.

என்ன மாறியது? முந்தைய கருவி அடுத்த வரியைச் சொல்லித்தரும், அவ்வளவுதான். ஏஜென்டுக்கு ஒரு அலுவலைச் சொல்லிவிட்டால் அது தானே கோப்புகளைத் திறந்து வாசிக்கும், நிரலை மாற்றும், சோதனையை ஓட்டும், தோற்றால் ஏன் என்று பிழைச் செய்தியைப் பார்க்கும், மறுபடி மாற்றும். லூக் செய்த சுழற்சிதான். ஆனால் இப்போது அதற்கு மனித மொழி விளங்குகிறது.

பலன்களும் பதிவாகியிருக்கின்றன. ஏயார்பிஎன்பி நிறுவனம் ஏறத்தாழ 3,500 சோதனைக் கோப்புகளை ஒரு பழைய கருவியிலிருந்து புதியதுக்கு மாற்ற வேண்டியிருந்தது. கையால் செய்தால் ஒன்றரை வருடம் என்று மதிப்பிட்டார்கள். மொழி மாதிரியை ஒரு தானியங்கிச் சுழற்சிக்குள் வைத்து ஆறு கிழமையில் முடித்தார்கள். முக்கால்வாசிக் கோப்புகள் முதல் நான்கு மணித்தியாலத்திலேயே முடிந்தன. அடுத்த சில நாட்களில் 97 வீதம். மிச்சத்தை மனிதர்கள் கையால் முடித்தார்கள். 2024 ஓகஸ்டில் அமேசன் தலைமை அதிகாரி அன்டி ஜாசி, ஜாவா பதிப்பு மாற்றும் வேலையில் 4,500 நிரலாளர்-வருடங்களை மிச்சப்படுத்தியதாகச் சொன்னார். அந்தக் கருவியை விற்பதும் அமேசன்தான் என்பதை மறக்காமல் இந்த எண்ணை வாசிக்க வேண்டும். அவர் சொன்ன இன்னொரு எண் எங்களை நிறுத்தியது: தானாக உருவான மாற்றங்களில் 79 வீதத்தை நிரலாளர்கள் ஒரு வரியும் மாற்றாமல் அனுப்பினார்களாம். அவை அவ்வளவு சரியாக இருந்தன என்று இதை வாசிக்கலாம். ஆட்கள் அவ்வளவு வடிவாகப் பார்க்கவில்லை என்றும் வாசிக்கலாம். எண்ணை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது.

அரைச் செக்கன் தாமதம்

2024 மார்ச்சில் நடந்த ஒரு கதையை இங்கே சொல்ல வேண்டும். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருள். லினக்ஸ் கணினிகளில் எங்கும் இருக்கும். அதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒருவர், சம்பளமில்லாமல். களைத்துப் போயிருந்த அவரிடம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். பொறுமையாக, இரண்டு வருடத்துக்கு மேல், நல்ல நல்ல திருத்தங்களை அனுப்பினார். வேறு சில பெயர்களில் வந்தவர்கள் “ஏன் இவ்வளவு தாமதம், இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்” என்று அழுத்தினார்கள். பொறுப்பு கைமாறியது. பிறகு ஜியா டான் அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்தார்.

சோதனைகள் எல்லாம் தேறின. பிடித்தவர் அன்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்ற மைக்ரோசொஃப்ட் பொறியியலாளர். அவர் பாதுகாப்பு நிபுணர்கூட இல்லை, தரவுத்தள மென்பொருள் ஒன்றின் நிரலாளர். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரைச் செக்கன் கூட எடுத்தது. ஏன் என்று அவர் தோண்டினார். வழக்கம் எப்படியிருக்கும் என்று அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்திருந்ததால்தான் அந்த அரைச் செக்கன் உறுத்தியது.

இந்தத் தெரிதல் எங்கிருந்து வருகிறது? 1985இல் டென்மார்க்கின் பீட்டர் நவுர் ஒரு கட்டுரையில் இதைச் சொன்னார். நிரலாக்கத்தின் உண்மையான விளைவு கோப்பில் இருக்கிற எழுத்து அல்ல, அதைச் செய்தவர்களின் மனதில் உருவாகிற புரிதல். அந்தக் குழு கலைந்துபோனால், எழுத்து அப்படியே இருந்தாலும் நிரல் செத்ததுக்குச் சமம். அதற்கு இரண்டு வருடம் முன்னர், 1983இல், லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் தொழிற்சாலைகளின் தானியக்கம் பற்றி எழுதியதும் இதோடு சேரும். மெஷின் வழக்கமான வேலையை எடுத்துக்கொண்டால், அதைக் கண்காணிப்பதும் அது தடுமாறும்போது கையேற்பதும்தான் மனிதருக்கு மிஞ்சும். ஆனால் வழக்கமான வேலையைச் செய்யாதபடியால் கையேற்கத் தேவையான பழக்கம் அவருக்கு விட்டுப் போயிருக்கும்.

2025இல் நடந்தவற்றை இந்த இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் விளங்கும். மீட்டர் என்ற ஆய்வு நிறுவனம் 16 அனுபவமுள்ள திறந்த மூல நிரலாளர்களுக்கு, அவர்கள் பல வருடம் வேலை செய்த திட்டங்களிலேயே 246 அலுவல்களைக் கொடுத்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோடு செய்தபோது அவர்களுக்கு 19 வீதம் கூட நேரம் எடுத்தது. முடிந்த பிறகும் தாங்கள் 20 வீதம் வேகமாகச் செய்ததாகவே அவர்கள் நம்பினார்கள்! அன்றைய கருவிகள், சின்ன ஆய்வு, அதனால் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் புரிதல் மனதிலேயே இருக்கிறவருக்கு, இன்னொருவர் எழுதியதை வாசித்துச் சரிபார்ப்பது தானே எழுதுவதைவிட நேரம் எடுக்கலாம் என்று காட்டியது. அதே யூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட், எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு பயனாளரின் உண்மையான தரவுத்தளத்தை அழித்தது. மன்னிப்புக் கேட்டது நிறுவனத்தின் தலைவர். கடைசியில் ஒரு மனிதர்தான் கேட்க வேண்டி வந்தது.

கேர்ல் என்ற மென்பொருளின் பராமரிப்பாளர் டானியல் ஸ்டென்பேர்க்கின் அனுபவத்தில் இரண்டு பக்கமும் உண்டு. செயற்கை நுண்ணறிவு எழுதிய போலிப் பாதுகாப்பு அறிக்கைகள் தங்கள் நேரத்தைத் தின்கின்றன என்று அவர் பல தடவை பகிரங்கமாகக் கோபப்பட்டார். பிறகு 2025இல், அதே வகைக் கருவிகளைக் கவனமாகப் பயன்படுத்திய ஒருவர் அனுப்பிய நீண்ட பட்டியலில் உண்மையான பிழைகள் பல இருந்ததைப் பாராட்டினார். இரண்டாமவர் அனுப்புமுன் சலித்துப் பார்த்தார். வித்தியாசம் அங்கேதான்.

ஏணியின் கீழ்ப்படி

இனி எங்கட கதைக்கு வருவோம். ஐடி படித்து வெளியே வருகிற ஒருவருக்கு முதல் வேலையில் என்ன கிடைக்கும்? புதிய செயலியை வடிவமைக்கச் சொல்லி யாரும் கொடுக்கமாட்டார்கள். பழைய நிரலில் ஒரு சின்னப் பிழை, தோற்கிற ஒரு சோதனை, ஒரு பதிப்பு மாற்றம். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் நவுர் சொன்ன புரிதல் புதியவருக்குள் போகிற வழியும் அதுதான். சென்னையிலும் பெங்களூரிலும் 1990களில் அந்தப் பட்டதாரிகள் ஏறியது இந்தப் படியில்தான்.

ஏஜென்ட் முதலில் எடுத்துக்கொள்வதும் இதே படியைத்தான். 2025 ஓகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை வைத்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயது வரையான மென்பொருள் நிரலாளர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 வீதம் குறைந்திருக்கிறது. வட்டி வீதமும் கொரோனாக் காலத்தில் அளவுக்கு மிஞ்சி ஆள் எடுத்ததும்தான் காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. காரணம் எதுவானாலும் கேள்வி மிச்சம்: இளையவர்களை எடுக்காவிட்டால், பத்து வருடம் கழித்து அந்த அரைச் செக்கனைக் கவனிக்கப் போவது யார்?

அதற்காக ஏஜென்டைத் தொடாதே என்று சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. தமிழுக்கான கருவிகளைப் பாருங்கள். எழுத்துரு மாற்றிகள், சொற்பிழை திருத்திகள், விசைப்பலகைகள். பாமினியில் தட்டச்சான பழைய கோப்பை ஒருங்குறிக்கு மாற்றின எல்லோருக்கும் தெரியும், இவை பெரும்பாலும் ஒருவர் இருவரின் ஓய்வு நேரத்தில் பிழைத்துக் கிடப்பவை. அவருக்கு வேலை மாறினால், பிள்ளை பிறந்தால், கருவி அப்படியே நின்றுவிடும். இப்படி நின்றுபோனவற்றை இயக்குவதற்கு எங்களிடம் பணமும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு மாணவர் ஒரு ஏஜென்டோடு உட்கார்ந்து ஒரு சனி ஞாயிறில் அதை மறுபடி ஓட வைக்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கே ஆள் இல்லாமல் போன உலகத்தில், இந்த உதவியை வேண்டாம் என்று சொல்வது எங்களுக்குக் கட்டாது.

ஆனால் சில விடயங்களை நாங்கள் எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். பெயர் மாற்றம், பதிப்பு மாற்றம் போன்ற, சரியா பிழையா என்று சோதனை தெளிவாகச் சொல்கிற வேலையை ஏஜென்டிடம் கொடுப்போம். சோதனையே இல்லாத பழைய நிரலென்றால் முதலில் சோதனையை எழுதுவோம். அது என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுப்பது நாங்களாக இருப்போம். தோற்கிற சோதனையை ஏஜென்ட் அழித்துவிட்டு எல்லாம் தேறிவிட்டது என்று சொல்கிறதா என்று வடிவாகப் பார்ப்போம். அது தொடக்கூடாத இடத்துக்கு, முக்கியமாக உண்மையான தரவுக்கு, திறப்பைக் கொடுக்கமாட்டோம். புதிதாக வருகிறவர் முதல் சில பிழைகளைத் தானே தேடட்டும். பிழைச் செய்தியைத் தானே வாசித்து, இதுதான் காரணமாக இருக்கும் என்று ஒரு ஊகம் சொன்ன பிறகு ஏஜென்டைத் திறக்கட்டும். ஊகம் பிழைத்தாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே ஒரு மனிதப் பெயர் இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. எழுதியவர் என்பதற்காக அல்ல. வாசித்தேன், விளங்கியது, பிழைத்தால் என்னைக் கேளுங்கள் என்பதற்காக. 2018இல் லூக் எஸ்பெனிடம் கேட்டதும் இதைத்தான். லூக்கால் முடியவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவை எவ்வளவு கெட்டிக்காரமாக இருந்தாலும் அவையும் அந்த இடத்தில்தான் நிற்கின்றன. அந்தப் பத்திரம் இன்னும் மேசையில் கிடக்கிறது. வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிற ஆளாக இருப்பதற்கு, அந்த அலுப்பு வேலையைக் கொஞ்சமாவது எங்கட கையால் செய்து பார்த்திருக்க வேண்டும்.